எல்லாம் பொருந்துகிறது

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஹார்டு டிஸ்க் நேற்று மதியம் வந்து சேர்ந்தது. தகவல் தந்தவர் எங்கள் குடியிருப்பின் வாசல் காவலாளி; கையெழுத்துப் போட்டு வாங்கியவரும் அவரே. பெட்டி நசுங்கவில்லை. இன்று காலை அலுவலகம் கிளம்பும் முன் லேப்டாப்பில் செருகி, நீ சொல்லிக்கொடுத்த சோதனையை ஓட்டினேன். காப்பி மாறாமல் வந்ததா என்று பார்க்க ஒவ்வொரு பாட்டுக்கும் உன் கம்ப்யூட்டர் எடுத்த கைரேகையும் என் கம்ப்யூட்டர் எடுத்த கைரேகையும் ஒன்றுதான். எல்லாம் பொருந்துகிறது.

நானும் அத்தானும் சுகம். அத்தானுக்கு முட்டி வலி, ஆனால் மாடி ஏறும்போது மட்டும். காய்கறி வாங்கி வரச் சொன்னால் இறங்கும்போதும் வந்துவிடுகிறது. உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

ஒரு குறை. போனை நீ எடுப்பதே இல்லை. எடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். பத்திரிகைக்காரி கூப்பிடுகிறாள் என்றால் அமைச்சர்கூட நாலு வார்த்தை பேசுவார். கூடப் பிறந்தவனுக்கு என்ன வந்தது? "டிஸ்க்கோட கடிதமும் வரணும்க்கா, அதுதான் அழகு" என்றாயே என்று எழுதுகிறேன். மூன்று காப்பி இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பது உன் சட்டம். உன் கணக்கில் நான் அக்காகூட இல்லை. அந்த 'வேறு ஊர்'.

பழைய டிஸ்க்கை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அத்தான் ஒன்று கேட்கச் சொன்னார். நாங்கள் அங்கே இருந்த காலத்தில், அவருடைய ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு உங்கள் அரங்கத்தில் ஒரு பாட்டுப் பாடினாரே, அது புது டிஸ்க்கில் ஏறிவிட்டதா? "கூட்டமே விசில் அடிச்சுது" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

டிஸ்க்கும் கடிதமும் கிடைத்தன. ரிப்போர்ட்டரம்மா முதல் வரியிலேயே செய்தியைச் சொல்லிவிடுவதால் மீதியை நிதானமாகப் படிக்க முடிகிறது. இங்கே இருவரும் நலம். காய்ச்சல், சளி, சர்க்கரை எதுவும் இல்லை.

இங்கே ஒரு செய்தி. மேடைப் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் என் கேசட் அறையை ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் மேனேஜர். ஏசி இயந்திரம் வைக்கப் போகிறார்களாம். "அந்தக் குப்பைய எப்ப எடுக்கப் போறீங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். இருபது வருஷக் கச்சேரி அக்கா அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடியது, வங்கி ஊழியர்கள் பாடியது, பிறகு பெரிய ஆளானவர்கள் முதல் தடவை தொண்டை நடுங்கப் பாடியது. நான் உட்காரும் ஒலி மிக்சரிலிருந்து நேராகக் கேசட்டில் பிடித்தவை. பாடினவர்களிடம்கூட இல்லை.

அதனால்தான் போன ஜூனிலிருந்து இந்த வேலை. கேசட் பிளேயர், அதிலிருந்து பாட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும், புதிதாக வாங்கிய ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து லேப்டாப். லேப்டாப்புக்கு நெட் கிடையாது. பாட்டு இருக்கிற வீட்டுக்கு ஜன்னல் வைக்க மாட்டேன். ஒவ்வொரு கேசட்டையும் முதலிலிருந்து கடைசி வரை காதில் மாட்டிக் கேட்டுத்தான் இறக்குகிறேன். ஓடவிட்டு எழுந்து போனது ஒரு தடவைகூட இல்லை. நீ கேட்க வேண்டாம். கைரேகையைச் சரிபார்த்துச் சொன்னால் போதும்.

அரங்கத்தில் ஒரு சின்ன மனஸ்தாபம். புதிதாக வந்த பாடகி ஒருத்தி மேடையிலிருந்தே, "அண்ணே, சத்தம் காதைக் கிழிக்குது, கொஞ்சம் மழுக்குங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்தது. எனக்கு ஒன்றும் கிழிக்கவில்லை. இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் காதைக் கண்ணாடியில் செய்திருக்கிறது. உன் தம்பி மனைவியும் இப்போது கச்சேரிகளுக்கு வருகிறாள். மிக்சருக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். வீட்டில் தனியாக இருக்கப் பொழுது போகவில்லையாம்.

போனில் உன் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. எழுது அக்கா. எழுத்தில்தான் நீ நன்றாகப் பேசுகிறாய்.

அத்தான் பாட்டு உன்னிடம் இருக்கும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. அவர் பிறந்த நாளுக்குப் போட்டுக் காட்டு. முட்டி வலி காதுக்கு மாறும்.

தம்பி

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் பாடிய பாட்டு முழுவதும் விசில் கேட்கிறது. இதைச் சொல்பவர் அத்தான். அவர் ஒருதலைப்பட்சமான சாட்சி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நேற்று அவர் பிறந்த நாள். நீ சொன்னபடி, ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரில் போட்டேன். அவர் குரல் வருவதற்கு முன்பே கீச்சென்று ஒரு சத்தம், கொசு காதுக்குள் நுழைந்த மாதிரி. ஏறுகிறது, இறங்குகிறது, போகவே மாட்டேன் என்கிறது. அத்தான் எழுந்து நின்று, "கேட்டியா? கூட்டம் விசில் அடிச்சுதுன்னு சொன்னேன்ல? இருபது வருஷமா நம்பலையே நீ!" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கேக் வெட்டின கத்தி கீழே விழுந்தது.

ஸ்பீக்கர் பழசு. அதன் வேலையாகத்தான் இருக்கும்.

இங்கே வேறு விசேஷம் இல்லை, நலத்துக்குக் குறைவும் இல்லை. உங்கள் சேதி எழுது.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கு அன்றைக்கு யாரும் விசில் அடிக்கவில்லை. மிக்சரில் உட்கார்ந்திருந்தவன் நான். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு அதே பாட்டைத் திரும்பப் போட்டேன். சுத்தமாக இருக்கிறது. விசிலும் இல்லை, கொசுவும் இல்லை. இவளையும் கூப்பிட்டு, "நீயும் கேட்டுச் சொல்லு" என்றேன். "அடுப்புல பால் இருக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள். உன் ஸ்பீக்கரை மாற்று.

பெரிய செய்தி: கேசட் வேலை முடிந்தது. கடைசித் தொகுதி இந்த டிஸ்க்கில் வருகிறது. என் லேப்டாப்பில் ஒன்று, வீட்டு அலமாரியில் ஒன்று, உன்னிடம் ஒன்று. கைரேகை சரி என்று நீ எழுதியதும் கேசட்டுகளை அனுப்பிவிடலாம். பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் ஏப்ரல் முப்பதுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இடம் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூட நாங்கள் இருவரும்தான் இன்னும் படுக்கவில்லை.

உன்னிடமிருந்து 'பொருந்துகிறது' என்ற ஒரு வார்த்தை வந்தால் போதும்.

நாங்கள் சௌக்கியம். அத்தானின் முட்டியை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

கடைசித் தொகுதி வந்தது. சோதனையை இரண்டு முறை ஓட்டினேன். எல்லாம் பொருந்துகிறது.

இங்கே தேர்தல் வேலை. வீடு எது, அலுவலகம் எது என்று தெரியாமல் அலைகிறேன். அத்தான் தானே சமைத்துத் தானே பாராட்டிக்கொள்கிறார். எங்கள் வீடியோ பிரிவில் ஒரு எடிட்டர் இருக்கிறார். எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டே திரிவதால் 'ஹெட்போன்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் உன் பாட்டு ஒன்றிரண்டைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். வெளியூர்ப் படப்பிடிப்பில் இருக்கிறார், மாதக் கடைசியில் வருவார்.

உன் வீட்டுக்காரி கச்சேரிக்கு வருவது நல்லது. எங்கேயாவது வெளியே அழைத்துப் போயேன், அவளும் மனுஷிதானே.

கேசட்டுகளை அவ்வளவு அவசரமாகத் தள்ள வேண்டுமா, கொஞ்ச நாள் வைத்திருந்தால்தான் என்ன.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

ஏப்ரல் 27
கூரியரில்

தம்பி,

கேசட்டுகளை யாருக்கும் கொடுக்காதே.

ஜூனிலிருந்து நீ ஏற்றிய ஒவ்வொரு பாட்டிலும் விசில் பதிவாகியிருக்கிறது. உறுதி செய்தவர் ஹெட்போன். நேற்றுதான் ஊரிலிருந்து வந்தார். முதல் பாட்டைப் போட்டதும் காதிலிருந்து பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டார். பிறகு திரையில் காட்டினார்: பாட்டுக்கு மேலே ஒரு கோடு, பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை. அங்கங்கே தொட்டு முப்பது நாற்பது பாட்டுப் பார்த்தார். கேசட்டிலிருந்து ஏறிய எல்லாவற்றிலும் இருக்கிறது. மேடையில் நேராகக் கம்ப்யூட்டரில் நீ பதிவு செய்தவற்றில் இல்லை. கேசட்டில் தப்பு இருக்காது, அந்தச் சின்னப் பெட்டியோ அதன் அடாப்டரோதான் என்கிறார். பெட்டியை மாற்றித் திரும்ப ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும். கேசட் இருந்தால்.

ஸ்பீக்கரை நான் மார்ச்சிலேயே மாற்றிவிட்டேன். அப்போதும் கேட்டது. ஒரு வாய் சொல்வதை வைத்து எழுதக் கூடாது என்று முப்பது வருஷமாகப் பழகிய புத்தி, இரண்டாவது வாய்க்காகக் காத்திருந்தேன்.

நேற்று உனக்குப் போன் செய்தேன். எடுத்தாய். "கேசட்டைக் கொடுக்காதே" என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கத்தினேன். நீ, "ரொம்ப சந்தோஷம்க்கா, அத்தானையும் விசாரிச்சதாச் சொல்லு" என்று வைத்துவிட்டாய்.

போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். அத்தான், "என்னாச்சு? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட?" என்றார்.  திரும்ப அடித்தேன், நீ எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு டப்பா போன்தான்; அதில் தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பாய். அரங்க அலுவலகத்துக்கு அடித்தேன். விடுமுறை போல, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

இது கையில் கிடைத்த நிமிஷமே அறையைப் பூட்டு.

அக்கா

மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

கேசட் அறை காலி. நேற்றுக் காலை பிளாஸ்டிக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். கனமான பொருள் என்று நினைத்து இரண்டு ஆள் கூட்டி வந்திருந்தார்; "இது என்ன சார், வெறும் காத்து மாதிரி இருக்கு" என்றார். அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து ஓட்டைத் தனியாக, நாடாவைத் தனியாகப் பிரித்தார்கள். நாடா ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்தது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, சொன்ன தேதிக்கு முடிச்சிட்டீங்களே" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ஆள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

உள்ளே ஒரு வலியும் இல்லை, ஆச்சரியமாக இருந்தது. போனது வெறும் ஓடு. உயிர் மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. நீ இரண்டு முறை சரிபார்த்திருக்கிறாய்.

போனில் நீ சொன்ன நல்ல செய்தியை விவரமாக எழுது. இங்கே லைன் சரியில்லை.

தம்பி

மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

கேசட் எல்லாம் போன மறுநாள் சாயங்காலம் உங்கள் கூரியர் வந்தது. அவர் அரங்கத்தில் இருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். பிரித்ததும் நான்தான், மன்னிக்க வேண்டும்.  இதுவரை அவரிடம் காட்டவில்லை. காட்ட எனக்குக் கை வரவில்லை அண்ணி.

நான் எழுதப் போவதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரியவில்லை. அந்த விசில் எனக்கு முதல் நாளே கேட்டது.

போன ஜூனில் புதுப் பெட்டி வாங்கி வந்து முதல் கேசட்டைப் போட்டார். "நீயும் கேளு" என்று தன் காதிலிருந்து கழற்றி என் காதில் மாட்டினார். பல் கூசியது. "என்னங்க, கீச்சுன்னு ஏதோ கேக்குதே" என்றேன். அவர் வயரை ஆட்டிப் பார்த்தார், பிளேயரைத் துடைத்தார், திரும்பக் காதில் மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "ஒண்ணும் இல்லையே. உனக்கு இப்பவும் கேக்குதா?" என்றார்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேர்வு முடிவைக் கேட்கிற பிள்ளை மாதிரி. "இல்லைங்க, என் காதுலதான் ஏதோ" என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு முன்னாலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. குக்கர் விசில் கேட்காது. காலிங் பெல் கேட்காது. நான் பின்னால் நின்று பேசினால் பதில் வராது, முன்னால் வந்து பேசினால் வரும். அரங்கத்தில் சத்தத்தைக் கூர்மையாக வைக்கிறார் என்று புகார் வந்த பிறகு நானாகவே பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். அதிகமாகப் போனால் முழங்கையைத் தொடுவேன். ஏதோ பேச்சு மாதிரி. அவர் குறைப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மிக்சர்காரருக்குக் காது கேட்காது என்று மேனேஜருக்குத் தெரிந்தால் அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிடுவார்.

விசில் கேசட்டிலேயே இருக்கிறது, பழைய கேசட் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் அண்ணி. பெட்டியிலிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்றும் இப்போது யோசிக்கிறேன்.

நாளைக்குக் காட்டிவிடுகிறேன். நான் எழுதியதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

அண்ணன் உடம்பையும் உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 6

அக்காவுக்கு,

முக்கியமானதை முதல் வரியில் வை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. ஏப்ரல் கடிதத்தில் கேசட்டைப் பற்றிக் கடைசிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாய். வெயிலுக்கும் தண்ணீருக்கும் மேலே. நான் அதைப் படித்தேன். அக்காவின் அனுதாபம் என்று நினைத்தேன். 'பொருந்துகிறது' என்பது இரண்டாவது வரியில் இருந்தது. அதைத்தான் செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

கூரியரைப் படித்த பிறகும் நான் நம்பவில்லை. உன் ஹெட்போனுக்கு என்ன தெரியும் என்று திட்டினேன். அந்தப் புதுப் பாடகி ஒத்திகைக்கு வந்திருந்தாள். கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் கேளும்மா" என்று காதில் மாட்டக் கொடுத்தேன். மாட்டிய வேகத்தில் கழற்றிவிட்டாள். "என்னண்ணே இது, விசில்! எப்படிண்ணே இதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

வாங்கி என் காதில் மாட்டினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமாக இருந்தது அக்கா. அதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிக்கவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ணே" என்றாள். அதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிளாஸ்டிக்காரரைத் தேடிப் போனேன். நாடாவை அன்றைக்கே எரித்துவிட்டார்களாம்.

உடல்நலம் விசாரித்திருந்தாய். காய்ச்சல், சளி, சர்க்கரை எதுவும் இல்லை.

தம்பி

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியது சரி. ஏப்ரலில் நான் செய்தியைப் புதைத்தேன். வேறு நிருபர் இப்படி எழுதிக் கொண்டு வந்திருந்தால் மேஜை மீது வீசியிருப்பேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் மன்னிப்புக் கேட்பது போல ஆகி, நீ சமாதானம் சொல்ல வேண்டி வரும். அந்த வேலையை உனக்குத் தர மாட்டேன்.

புதிய தகவல் ஒன்று. விசிலை எடுக்க முடியும் என்கிறார் ஹெட்போன். ஆனால் அது ஒரே இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் அலைகிறது. அதனால் விசிலை மட்டும் கிள்ளி எடுக்க முடியாது. அந்த உயரத்துக்கு மேலே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து வெட்ட வேண்டும். ஒரு பாட்டை அப்படி வெட்டிக் கொடுத்தார். அத்தான் பாட்டுத்தான்.

கேட்டேன். விசில் இல்லை. டிரம்ஸின் பித்தளைத் தட்டுச் சத்தமும் இல்லை. பாட்டில் 'ச' வருகிற இடமெல்லாம் பல் போனவர் பேசுவது போல இருக்கிறது. கைதட்டல் மெத்தையை அடிப்பது போல. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுகிறார்கள், கதவு சாத்தியிருக்கிறது. அத்தான்கூட எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

ஹெட்போன் அப்போது ஒன்று சொன்னார். "உங்க தம்பிக்கு விசில் கேக்கலைன்னா, அவருக்கு எல்லாப் பாட்டும் இப்படித்தான் கேட்டிருக்கணும்."

 நீ போனை ஏன் எடுப்பதில்லை என்று இரண்டு வருஷமாகத் திட்டியிருக்கிறேன். எழுது, எழுது என்று நீ சொன்னதை அழகுக்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

ஆனால் இது ஒருவர் சொன்னது மட்டும். அவர் உன் காதில் இருந்து பார்க்கவில்லை. உறுதி செய்ய முடிந்தவன் நீ ஒருவன்தான். இதோடு வரும் பென் டிரைவில் அந்தப் பாட்டு இரண்டு முறை இருக்கிறது. ஒன்று விசிலோடு, ஒன்று வெட்டியது. எது எது என்று எழுத மாட்டேன். கேட்டுச் சொல்.

இன்னொன்று. மூன்று காப்பியிலும் இனி எதை வைப்பது என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். ஹெட்போன் எல்லாவற்றையும் வெட்டித் தரத் தயாராக இருக்கிறார். வேலையைத் தொடங்கும் முன் உன் பதில் வேண்டும்.

இரண்டு பேரும் உடம்பைக் கவனியுங்கள். இந்தத் தடவை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அக்கா

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டும் ஒன்றுதான். தகவல் தருவது நான்.

பல தடவை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், இடது காது, வலது காது. நூலிழை வித்தியாசம்கூட இல்லை. ஒரே பாட்டை இரண்டு தடவை காப்பி எடுத்து அனுப்பி என்னைச் சோதிக்கிறாயோ என்று கைரேகை எடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது.

பிறகு இவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அடுப்பில் பால் இல்லை. முதலாவதைப் போட்டேன். "இதுல விசில் இருக்கு" என்றாள். இரண்டாவதைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டாள். "இதுல விசில் இல்ல. ஆனா பாட்டும் பாதி இல்லைங்க. இது என்னது?" என்றாள்.

"இதுதான் நான் கேக்குறது" என்றேன்.

அவள் அதைக் காதிலிருந்து கழற்றவில்லை. பாட்டு முடியும்வரை உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னாள். அதற்குப் பிறகுதான், "எனக்கு மொத நாளே தெரியுங்க" என்றாள். நான், "தெரியும்" என்றேன். 

அவள் உனக்கு எழுதினாளா என்று நான் கேட்கப் போவதில்லை. கச்சேரியில் என் முழங்கையைத் தொடுவாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியை அவள் கேட்கவில்லை அக்கா, நானாகத்தான் கொண்டுவந்து போட்டேன். அவள் கை எட்டுகிற தூரம் பார்த்துப் போட்டேன்.

எதை வைப்பது என்று கேட்டிருந்தாய். விசிலோடு இருப்பதை வை, மூன்று இடத்திலும். ஹெட்போனுக்கு நன்றி சொல்லிவிட்டு, வெட்டியதை அழிக்கச் சொல். வெட்டியதை வைத்தால் எனக்குக் கேட்காதது எவருக்கும் கேட்காது. விசிலுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் குரல் முழுசாக இருக்கிறது. அதை மட்டும் பிரித்து எடுக்க ஒரு வழி பின்னாளில் வந்தாலும் வரலாம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கேளுங்கள். அத்தான் பாட்டுக்கு அது தேவையும்கூட.

மேனேஜரிடம் நானே சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "இத்தனை நாள் அப்ப யாரு கேட்டுக்கிட்டிருந்தது?" என்றார்.  காது டாக்டரின் அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம். கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பரிசோதனை முடிந்துவிட்டது. சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு வெகுநேரம் நான் ஒன்றும் அமுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் மட்டும் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள்.

சுகம் விசாரித்திருந்தாய். இனி அதற்கு முழுப் பதில் எழுதுகிறேன்: காய்ச்சல் இல்லை, சளி இல்லை, சர்க்கரை இல்லை, காது பாதிதான்.

அறிக்கை ஆகஸ்ட் எட்டாம் தேதி சாயங்காலம் வரும். அடுத்த கச்சேரி பதினான்காம் தேதி. இப்போதைக்கு மிக்சருக்குப் பக்கத்தில் நாற்காலி இரண்டும் அப்படியே இருக்கின்றன. எட்டாம் தேதி போன் செய்யாதே, அக்கா. எழுது.

தம்பி